கிளிக் கணக்கு

துப்பாக்கி சுடுபவரைப் பார்க்கப் போனால் எல்லோர் கண்ணும் அவருடைய அசையாத தோளிலும் எதிரே இருக்கும் இலக்கிலும்தான் நிற்கும். என் கண் முதலில் தேடுவது அவர் பக்கத்தில் கிடக்கும் நோட்டை. கராடியில் குடியிருப்பவனுக்குப் பாலேவாடி சுடுதளம் ஊரின் மறுகோடி. புனே நெரிசலில் அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அப்படியும் போகிறேன் என்றால், அந்த நோட்டுகளில் எழுதியிருக்கும் கணக்கின் அழகுக்காகத்தான்.

கணக்கு எங்கே தொடங்குகிறது? தோட்டா குழலை விட்ட கணமே கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. பாயின்ட் டூ டூ தோட்டா விநாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைத் தொடுவதற்குள் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். அதை ஈடுகட்டக் குழல் இம்மியளவு மேல்நோக்கி இருக்கும்படி சைட்டைத் திருப்பி வைக்கிறார்கள். கண்ணின் கோடும் தோட்டாவின் வழியும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கச் செய்வதுதான் ‘ஜீரோ’ பண்ணுவது. 50 மீட்டருக்கு ஜீரோ பண்ணிய துப்பாக்கியை அப்படியே 100 மீட்டர் இலக்கில் நீட்டினால், குறிக்கு ஒரு சாண் கீழே அடிக்கும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், ஒரு சாண் எவ்வளவு பெரிய பிழை என்பது புரியும்.

அதனால் ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனி எண். ஸ்கோப் வைத்துச் சுடுபவர்கள் குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, 25, 50, 75, 100 என்று தூரங்களைப் பேனாவால் குறித்துக்கொள்வதுண்டு. குமிழைத் திருப்பும்போது கேட்கும் ஒரு கிளிக் 0.1 மில்ரேடியன் என்ற கோண அளவு என்றால் 100 மீட்டரில் குண்டு ஒரு சென்டிமீட்டர் நகரும், 50 மீட்டரில் 5 மில்லிமீட்டர். குமிழ் ஒரு முழுச் சுற்றைத் தாண்டிவிட்டால், எண் சரியாக இருந்தும் சுற்று தவறாக இருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு எத்தனையாவது சுற்று என்பதையும் எழுதி வைக்கிறார்கள்.

ஸ்கோப்பின் நேர்மையைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே புள்ளியைக் குறிவைத்து முதலில் சுடுவார்கள். பிறகு 40 கிளிக் மேலே, 40 வலம், 40 கீழே, 40 இடம் என்று திருப்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடுவார்கள். காகிதத்தில் ஒரு சதுரம் உருவாகும். கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே வந்து விழுந்தால் அந்தக் கருவியை நம்பலாம். சதுரம் கோணினால், நோட்டில் எழுதிய எண்கள் அத்தனையும் வீண்.

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் துப்பாக்கியில் ஸ்கோப் கிடையாது. சிறு துளை வழியே பார்க்கும் சைட்தான். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தூரமும் மாறாது. அப்படியானால் ஒரே எண் போதுமே என்று தோன்றும். போதாது. முழங்காலிட்டு, படுத்து, நின்று என நிலை மாறும்போது கன்னம் கட்டையில் படியும் இடம் மாறுகிறது, கண்ணுக்கும் சைட்டுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, துப்பாக்கி உதைக்கும் திசை மாறுகிறது. ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, மூன்று ஜீரோ! இதைத்தான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். பாலேவாடியில் பயின்ற ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துக் கம்பல்வாடிக்காரர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், 2024 ஆகஸ்ட் 1 அன்று 451.4 புள்ளிகளோடு ஒலிம்பிக் வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். முதல் இரண்டு நிலைகளில் பின்தங்கியிருந்தவர், நின்று சுடுகையில் மேலேறினார்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியது திசை. ஜெர்மன் சைட்டுகளில் ‘ஹெச்’ என்ற எழுத்தின் பக்கம் திருப்பினால் குண்டு மேலே போகும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கீழே வரும்! குண்டு மேலே விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு என்பதற்கான குறி அது. அமெரிக்க ஸ்கோப்புகளில் அம்பு காட்டும் பக்கமே குண்டு நகரும்.

அடுத்த பக்கங்களில் தேதி, நேரம், வெளிச்சம், காற்று, தோட்டாப் பெட்டியின் லாட் எண், நிலை, கிளிக். லாட் மாறினாலே ஜீரோ சற்று நகர்ந்துவிடும். கடைசிக் கட்டத்தில் இரண்டு சிறு வட்டங்கள். விசையை இழுத்தவுடன், குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பார்க்கும் முன்பே, அது எங்கே போயிருக்கும் என்று தன் மனசுக்குப் பட்டதை முதல் வட்டத்தில் குறிக்கிறார்கள். உண்மையில் விழுந்த இடம் இரண்டாவதில். இரண்டும் ஒத்துப்போய்க் குண்டு விலகியிருந்தால் பிழை சுட்டவருடையது, குமிழைத் தொடக்கூடாது. இரண்டும் ஒத்துப்போகாமல், குண்டு திரும்பத் திரும்ப ஒரே பக்கம் விலகினால்தான் சைட்டைத் திருப்பவேண்டும். கைப்பேசிச் செயலிகள் இன்று தூரத்துக்கான எண்ணை நொடியில் தருகின்றன, நல்லதுதான். இந்த முதல் வட்டத்தை அவற்றால் வரைய முடியாது.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா சுட்ட சோதனைக் குண்டு குறியைவிட்டு வெகுவாக விலகி விழுந்தது. சைட் நிலைகுலைந்திருந்தது. இருந்த சில நிமிடங்களில் சரிசெய்துகொண்டு, போட்டியின் முதல் குண்டை 10.7-இல் வைத்தார், கடைசியை 10.8-இல். பிழை தன் கையில் இல்லை, கருவியில்தான் என்று அவ்வளவு சீக்கிரம் நம்புவதற்கு, தன் கையை ஆயிரக்கணக்கான முறை அளந்து பார்த்திருக்கவேண்டும்.

சென்னையில் பிறந்த துப்பாக்கி சுடும் வீரர் ககன் நாரங் பாலேவாடியில் தொடங்கிய அகாடமி உட்பட, பல இடங்களில் இப்போது சிறு பிள்ளைகள் ஏர் ரைஃபிள் பழகுகிறார்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: விலை கூடிய ஜாக்கெட்டுக்கு முன்னால் கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் நாளிலிருந்தே இரண்டு வட்டங்களையும் வரையச் சொல்லுங்கள்.