பேக்கப்புக்கு ஆள் இல்லை

‘லப்பர் பந்து’ படத்தை 2024இல் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தேன். சென்ற மாதம் லேப்டாப்பில் இரண்டாம் முறை பார்த்தபோது ஒரு சில்லறை விஷயத்தை மட்டும் கவனித்தேன். ஒருவன் ஸ்டம்பை நோக்கிப் பந்தை எறிகிறான் என்றால், அந்தப் பக்கம் இன்னொருவன் ஓடிவந்து நிற்கிறானா? படம் முடிந்தபின் நினைவில் இருந்தது கெத்துவின் பேட்டும் அன்புவின் பந்தும்தான். பின்னால் ஓடியவர்கள் இருந்திருக்கலாம். இருந்தால் மரம், வெயில், கூட்டம் மாதிரி இருந்திருப்பார்கள்.

தெருவில் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “டேய், எவன்டா பேக்கப்?” என்று கத்தாத கேப்டன் கிடையாது. கவரில் நிற்பவன் பவுலர் பக்கத்து ஸ்டம்புக்கு அடித்தால், மிட் ஆனில் இருப்பவன் அந்த எறியின் நேர்கோட்டில் ஸ்டம்புக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். ரொம்ப ஒட்டி நின்றால் பந்து அவனையும் தாண்டிவிடும். பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். எறி சரியாக விழுந்தால் அவன் ஓடியது வீண். பத்தில் எட்டு முறை வீண்தான்.

பேஸ்பாலில் இது ஒருவனுக்குக் கிட்டத்தட்ட முழுநேர வேலை. சென்டர் ஃபீல்டர் தன் பக்கம் வரும் பந்தைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. இடப்பக்கம், வலப்பக்கம் இருப்பவர்களிடம் போகும் பந்துக்கெல்லாம் பின்னால் ஓடுகிறார். ஓட்டக்காரன் இரண்டாம் பேஸைத் திருட முயன்று, கேட்சர் அங்கே எறிந்தால், முன்னால் ஓடிவந்து நிற்கிறார். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. திரும்ப நடந்துபோகிறார். 2001 அக்டோபர் 13 அன்று ஓக்லண்டில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில், வலது மூலையிலிருந்து ஷேன் ஸ்பென்சர் எறிந்த பந்து, இடையில் வாங்கி அனுப்ப நின்ற இரண்டு பேரின் தலைக்கு மேலும் போய்விட்டது. ஷார்ட்ஸ்டாப்பான டெரெக் ஜீட்டர் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து அதை எடுத்துக் கேட்சரிடம் தட்டிவிட்டார். ஓட்டக்காரன் அவுட். யாங்கீஸ் 1–0 என்று ஜெயித்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அமெரிக்கர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பந்து ஜீட்டர் கையில் பட்டதால் ஸ்கோர் புத்தகத்திலும் ஏறியது. ஸ்பென்சர் ஒழுங்காக எறிந்திருந்தால் ஜீட்டரின் ஓட்டத்தை எழுதிவைக்க அதில் கட்டமே இல்லை. கிரிக்கெட்டிலும் அப்படித்தான். ரன் அவுட் ஆக்கியவன் பெயர் வரும், பின்னால் ஓடியவன் பெயர் வராது.

நம் கிரிக்கெட் படங்கள் இந்த ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்து எடுக்கப்பட்டவை என்பது என் புகார்.

‘சென்னை 600028’ (2007) படத்தில் ரகு எதிரி ஏரியாவுக்குக் குடிவருகிறான். அவனைச் சேர்த்துக்கொள்வதா என்பதுதான் சிக்கல். ‘ஜீவா’ (2014) தேர்வுக்குழுவின் சாதியைப் பேசுகிறது. ‘கனா’வில் (2018) ஒரு விவசாயியின் மகள் ஆட வருகிறாள். ‘லப்பர் பந்து’ இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. திறமை இருந்தும் ஜாலி பிரெண்ட்ஸ் அணிக்குள் அன்புவுக்கு ஏன் இடமில்லை என்பதை, பிரசங்கம் இல்லாமல், ஆட்களின் முகங்களை வைத்தே சொல்லிவிடுகிறார் தமிழரசன் பச்சமுத்து. நான்கு படங்களின் கேள்வியும் ஒன்றுதான்: பதினோரு பேரில் நீ உண்டா? நல்ல கேள்விதான். ஆனால் சேர்த்த மறுநிமிடம் ஆட்டம் பேட்டுக்கும் பந்துக்கும் நடக்கும் ஒண்டிச் சண்டையாகிவிடுகிறது. சேர்த்துக்கொண்டவனோடு மற்ற பத்துப் பேரும் எப்படி ஆடினார்கள் என்று பார்க்க கேமராவுக்கு நேரமில்லை.

நடக்காத ஒன்றை சினிமா எப்படிக் காட்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். என் வேலையில் இரவு ஆன்-காலுக்கு இரண்டாவது ஆள் ஒருவர் உண்டு. முதல் ஆள் போனை எடுக்காவிட்டால்தான் அவர் போன் அடிக்கும். அது அடிக்காத இரவுகளைப் பற்றி மறுநாள் மீட்டிங்கில் யாரும் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை. ஆனால் ஆள் ஓடாமல் நின்றதைக் காட்டலாமே! அது நடக்கிற விஷயம். அதில் ஒரு முழுக் கதை இருக்கிறது.

எனக்குத் தெரிந்த கதை காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் நடந்தது. காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும், ஆட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேகவதி ஓரத்துத் திடலுக்குப் போவோம். 2001 வாக்கில் ஒருநாள் ஆள் குறைந்ததால் ஒரு தறிப் பையனைச் சேர்த்தோம். எங்களைவிட ஒரு வயது சின்னவன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கோர்வைத் தறியில் உட்கார்ந்தவன்.

கோர்வை தெரியாதவர்களுக்கு: சேலையின் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. அதனால் ஒரு கரையின் ஓரமாக இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் அந்தக் கரையின் நாடாவைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அப்போது பல தறிகளில் சிறுவர்கள்தான் இருந்தார்கள். கூலி நெய்பவர் கணக்கில் வரும், அவர் பார்த்துக் கொடுப்பார். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ தேசிய விருது வாங்கிய படம். அதிலும் பிரகாஷ்ராஜ் தனியாகத்தான் நெய்கிறார். திருடிய பட்டை ஒளிந்து நெய்கிறவருக்குத் துணை எப்படி வைப்பது? கதைக்கு அது சரிதான். ஆனால் வெளியூர் நண்பர்கள் மனதில் காஞ்சிபுரத்துத் தறி என்றால் ஒற்றை ஆள் என்று பதிந்துவிட்டது.

அந்தப் பையனைக் கவரில் நிறுத்தினோம். கை அபாரம். நாள் முழுக்க நாடா போட்ட கை என்று இப்போது எழுதத் தோன்றுகிறது, அன்று அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. கடைசி ஓவர். அவர்களுக்கு மூன்று ரன் வேண்டும். பந்து அவனிடம் போனது. பேட்ஸ்மேன்கள் இல்லாத ரன்னுக்கு ஓடினார்கள். அவன் குனிந்து எடுத்து ஒரே வீச்சாக பவுலர் பக்கத்து ஸ்டம்புக்கு அடித்தான். ஸ்டம்பை ஒரு விரற்கடையில் விட்டது.

மிட் ஆன் நான். ஓடவில்லை. மறந்துவிட்டேன் என்று அன்று சொன்னேன். அதே ஆட்டத்தில் எங்கள் தெரு நண்பன் அடித்த இரண்டு த்ரோவுக்கும் கத்திக்கொண்டே பின்னால் ஓடியிருந்தேன், அதனால் அது பொய். அவன் எந்தத் தெரு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் கையில் பந்து இருந்தபோது என் கால் கிளம்பவில்லை, அவ்வளவுதான். ‘லப்பர் பந்து’வில் அன்புவை வெளியே நிறுத்துபவர்களைப் பார்த்துக் கோபப்பட எனக்குச் சுலபமாக இருந்தது. நாங்கள்தான் சேர்த்துக்கொண்டோமே.

பந்து மணலில் இறங்கி ஓடியது. மூன்று ரன்னும் முடிந்தது. “எதுக்குடா த்ரோ அடிச்ச? கையில கொண்டாந்து குடுக்க வேண்டியதுதான?” என்றான் கேப்டன். “பேக்கப் எங்க?” என்று யாரும் கேட்கவில்லை, அந்தப் பையனும் கேட்கவில்லை. கவரிலிருந்து பிட்சைத் தாண்டி, என்னைத் தாண்டி, ஆற்று மணல்வரை அவனே ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து கேப்டன் கையில் கொடுத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, தறிக்காரர் தேடுவார் என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது.