தனித் தட்டு

பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்ததும் 'கரண்ட்' வைத்தார்கள். ரேடியேஷன் சிகிச்சைக்கு நம் ஊரில் அதுதான் பெயர். வீடு திரும்பியதும் தனித் தட்டு, தனி டம்ளர். "குழந்தைக்கு ஆகாதாம்ப்பா" என்று அவரே சொல்லிக்கொண்டார். பேரன் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

'செர்னோபில்' தொடரின் மூன்றாம் பாகம் பார்த்தபோது அந்த வாசற்படி ஞாபகம் வந்தது.

2019-ல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ஐந்து பாகத் தொடர். எழுதியவர் கிரேக் மேஸின், இயக்கியவர் யோஹான் ரெங்க். பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள், முக்கியமாகக் கடைசிப் பாகம். உலை ஏன் வெடித்தது என்று விஞ்ஞானி லெகாசோவ் கோர்ட்டில் சிவப்பு, நீல அட்டைகளை வைத்து விளக்குகிறார். (நிஜ லெகாசோவ் அந்த விசாரணைக்கே போகவில்லை. பரவாயில்லை, கதைக்கு வேண்டியிருக்கிறது.)

சிவப்பு உலையைக் கிளப்பும், நீலம் அடக்கும். யுரேனியம் சிவப்பு. நியூட்ரான்களை விழுங்கும் போரான் கம்பிகள் நீலம். தண்ணீரும் கொஞ்சம் நியூட்ரான்களை விழுங்குவதால் நீலம். அதே தண்ணீர் கொதித்து ஆவியானால் விழுங்க ஆள் குறைந்துவிடும். அந்த ரக உலையில் அது சிவப்பு. 1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23. உலையை நிறுத்த பட்டனை அழுத்துகிறார்கள். இறங்கிய கம்பிகளின் கீழ்ப்பகுதியில் இருந்தது கிராஃபைட். போரான் வேலையைத் தொடங்குமுன் அது தண்ணீரை விலக்கிவிட, பிரேக்கை மிதித்தால் வண்டி சீறிய கதையாகிவிட்டது. அணு உலையின் அரிச்சுவடியை இவ்வளவு சுலபமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இத்தனை கெட்டிக்காரத்தனமான தொடர், கதிரியக்கம் மனித உடம்புக்கு வந்ததும் கோட்டை விடுகிறது.

மாஸ்கோ ஆஸ்பத்திரியில் தீயணைப்பு வீரர் ஒருவர் பிளாஸ்டிக் திரைக்குள் கிடக்கிறார். கர்ப்பிணி மனைவி கையைப் பிடிக்கிறார். அவரைப் பதறி வெளியே இழுக்கிறார்கள். பிறகு குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் இறக்கிறது. தாய்க்கு வரவேண்டிய கதிர்வீச்சைக் குழந்தை வாங்கிக்கொண்டதாம். மனைவி அப்படி நம்பியதில் தப்பில்லை. ஆனால் தொடரில் இதை ஒரு விஞ்ஞானி பாத்திரம் சொல்கிறது, மறுக்காமல்.

விளக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மேலே பட்டதால் நீங்கள் விளக்காகிவிட மாட்டீர்கள். காமாக் கதிர் அந்த மாதிரி. உடம்பை நாசம் செய்துவிட்டுப் போய்விடும், உடம்பில் தங்காது. விளக்குக் கரி வேறு விஷயம். அது ஒட்டும், அடுத்தவர் மேலும் படும். அதுதான் கதிரியக்கத் தூசி. உடையைக் களைந்து குளிப்பாட்டினால் பெரும்பாலும் போய்விடும். அந்தத் திரை நோயாளியிடமிருந்து நம்மைக் காக்க அல்ல. எலும்பு மஜ்ஜை செத்து எதிர்ப்புச் சக்தி போனவரை நம் கிருமிகளிடமிருந்து காக்க. அன்று மாஸ்கோவில் இவர்களுக்குச் சிகிச்சை தந்த குழுவில் இருந்த அமெரிக்க டாக்டர் ராபர்ட் கேல், தொடர் வந்ததும் இந்தத் தொற்று சமாசாரத்தை மறுத்து எழுதினார்.

கரியை விழுங்கினால்தான் வம்பு. விழுங்கியவர்கள் குழந்தைகள். அயோடின்-131 காற்றில் போய்ப் புல்லில் விழுந்தது. பசு நாளெல்லாம் மேய்ந்து அதைப் பாலில் சேர்த்தது. குழந்தையின் கழுத்தில் இருக்கும் குட்டித் தைராய்டு, நல்ல அயோடின் என்று நினைத்துச் சேமித்துக்கொண்டது. இந்த அயோடினுக்கு எட்டு நாளில் பாதி ஆயுசு. 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டு மூன்று மாசம் அந்தப் பாலை நிறுத்தியிருந்தால் போதும். எல்லா ஊரிலும் நிறுத்தவில்லை. அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் 2005-க்குள் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதில் கணிசமான பகுதிக்கு அந்த அயோடின்தான் காரணம் என்கிறது ஐ.நா. விஞ்ஞானக் குழு. நல்லவேளை, பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள்.

தொடரில் பாலும் வருகிறது, அயோடின் மாத்திரையும் வருகிறது. நாலாம் பாகத் துவக்கத்தில் சிப்பாய் ஒருவன் கிழவியின் பாலைக் கொட்டிவிட்டு மாட்டையே சுட்டுவிடுகிறான். அருமையான காட்சி. ஆனால் பாலுக்கும் குழந்தையின் கழுத்துக்கும் நடுவில் உள்ள கயிற்றைக் காட்ட அந்தச் சிவப்பு, நீல அட்டைக்காரர்களுக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை. தொட வேண்டியவரைக் கண்டு பயப்பட வைத்துவிட்டு, பயப்பட வேண்டிய டம்ளரை மேஜையிலேயே விட்டுவிட்டார்கள்.

பெரியம்மாவுக்கு மெஷினில் வெளியிலிருந்துதான் கதிர் பாய்ச்சினார்கள். மெஷினை அணைத்ததும் அது தீர்ந்தது. (தைராய்டு நோயாளிகளுக்கு இதே அயோடின்-131-ஐ மருந்தாக விழுங்கத் தந்தால் சில நாள் ஒதுங்கி இருக்கச் சொல்வார்கள். அது நியாயம். டாக்டர் சொன்னால் கேளுங்கள்.) இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது பேரன் காலேஜ் போய்விட்டான். பெரியம்மாவும் இல்லை.

தொடரைப் பாருங்கள், ஐந்தாம் பாகத்தை இரண்டு தடவை. மூன்றாம் பாகம் பார்த்துவிட்டு, 'கரண்ட்' வைத்துத் திரும்பும் யாருக்கும் தனித் தட்டு எடுத்து வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.