கேட்ட ஒலியும் இட்ட பெயரும்

கம்பம் பள்ளத்தாக்கின் நிக்காஹ் இல்லங்களில் இன்று ஒலிக்கும் இஸ்லாமியப் பாடல்களுள் பல, பழைய பாடல்களின் மறுபதிவுகள். சொல்லும் மெட்டும் பழையவை. கருவியொலி மட்டும் கீபோர்டிலிருந்து புதிதாக எடுக்கப்பட்டது. அண்மையில் உத்தமபாளையத்தில் அத்தகைய பதிவு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தபோது அருகில் இருந்த பெரியவர் கேட்டார்: "இது தப்ஸா தம்பி? வெறும் சலங்கைச் சத்தமால்ல கேக்குது!"

மறுபதிவுகளைப் பற்றி நான் சொல்ல எண்ணிய குறை முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தது. அது இசைச் சுவையைப் பற்றிய கேள்வி. மார்க்கச் சட்டத்தைத் தொடும் கேள்வியும்கூட.

நிக்காஹைப் பகிரங்கப்படுத்தத் தஃப் ஒலிப்பதற்குத் திர்மிதீ, இப்னு மாஜா முதலிய தொகுப்புகளிலிருந்து ஆதாரம் காட்டப்படுகிறது. எத்தகைய தஃப் என்பதில்தான் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் சிறுசலங்கைகள் பொருத்திய தஃபையும் அனுமதிக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் கூறுவதும் அதுவே. ஹனஃபி நூல்களிலோ சலங்கை இல்லாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பேசப்படுகிறது. இப்பள்ளத்தாக்கின் இராவுத்தர் சமூகத்தார் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். ஆகவே ஒலிப்பது எந்தக் கருவி என்று அறிவது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று.

கருவியை இனங்காணும் சிக்கல் நம் அறிவுமரபுக்குப் புதியதும் அன்று. 'கூபா' என்ற கருவியைக் கஸ்ஸாலி (ரஹ்) விலக்குகிறார்கள். இடை சிறுத்து இருமுனையும் விரிந்த நீண்ட முழவு என்று அதற்கு அடையாளமும் கூறுகிறார்கள். ஆனால் அச்சொல்லுக்குப் பகடையாட்டம் என்றும் நரம்புக்கருவி என்றும் பொருள் கொண்டோர் உண்டு. அங்கே பெயர் இருந்தது, பொருளைத் தேட வேண்டியிருந்தது. ஒலிப்பதிவில் நிலைமை தலைகீழானது: ஒலி இருக்கிறது, பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவது எங்ஙனம்? உருவத்தை நம்பிப் பயனில்லை. திரையில் நடிகர் கையில் இருக்கும் கருவி, ஒலிக்கூடத்தில் ஒலித்த கருவிதான் என்பதற்குச் சான்றாகாது. ஒலி பிறக்கும் முறையையே செவி பின்தொடர வேண்டும். பறையைத் தடித்த குச்சி ஒன்றும் மெல்லிய நீண்ட குச்சி ஒன்றும் கொண்டு அடிப்பர்; ஆதலால் அடியின் தொடக்கம் கூர்மையாக வெடிக்கும். பக்கீர்கள் ஏந்தும் தாயிராவோ விரல்களால் ஒலிப்பது. தொடக்கம் மென்மையானது, தாழ்ந்த நாதம் சற்று நின்று கரையும், விளிம்பில் விழும் விரல் அதனைச் சட்டென வெட்டும். கஞ்சிரா அளவில் சிறியது. உடும்புத் தோலை நீரால் நனைத்து விரலால் அழுத்துவதால் அதன் நாதம் வளையும். சலங்கை இணையும் கிணுகிணுக்கும். இம்மூன்றும் ஒருமுகத் தோற்கருவிகளே. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு மூன்றும் வெவ்வேறு.

இவ்வேறுபாடுகள் கீபோர்டில் எவ்வாறு மறைகின்றன என்பதை அதன் பட்டியலே காட்டும். 1991-இல் வகுக்கப்பட்ட 'ஜெனரல் மிடி' முறையில் 128 ஒலிகள் உண்டு. 105 முதல் 112 வரையிலான எட்டு இடங்களே சித்தார், கோட்டோ, பேக்பைப் போன்ற மரபுக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. 112ஆம் இடத்தில் ஷெனாய் இருக்கிறது, நாகசுரம் இல்லை. எனவே நாகசுரம் வேண்டுவோர் ஷெனாயை அழுத்துகின்றனர். 106இல் 'பாஞ்ஜோ' உண்டு. கவ்வாலிக் குழுக்களில் பாஞ்ஜோ என்று வழங்குவதோ, 1912-இல் ஜப்பானில் தோன்றிய தாய்ஷோகோத்தோவின் வழிவந்த புல்புல் தாரா. தட்டச்சுப் பொறி போன்ற விசைகளை அழுத்தி மீட்டுவது. பட்டியலில் உள்ளதோ தோல் போர்த்திய அமெரிக்கக் கருவி. பெயர் ஒன்று, ஒலி வேறு.

தோற்கருவிப் பட்டியலில் தஃப் கிடையாது, டாம்பரின் உண்டு. மறுபதிவாளர் அதனையே தேர்கிறார். டாம்பரினில் தோலைக் காட்டிலும் சலங்கையே மிகுதியாக ஒலிக்கும். ஆக, ஹனஃபி அறிஞர்கள் எதனை நீக்கச் சொன்னார்களோ அது பெருகி, எதற்கு இடமளித்தார்களோ அது மறைந்துவிடுகிறது. பெரியவரின் செவி பிடித்தது இதைத்தான்.

குற்றம் இயந்திரத்தினுடையது அன்று. இதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்தவர் இளையராஜா. 1976-இல் 'அன்னக்கிளி' வழியே நாட்டுப்புற இசையைத் திரைக்குக் கொணர்ந்த அவரே, 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி இசையையும் கையாண்டார். ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தனித்தனியே சுரக்குறிப்பாக எழுதித் தருவது அவர் வழக்கம். அத்தகைய தாளில் கருவியின் பெயர் நிற்கிறது. பிற்காலத்தார் ஊகிக்க வேண்டியதில்லை. நம் இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாக்களின் உறைகளிலோ பாடகர் பெயர் இருக்கும்; தாயிரா அடித்தவர் யாரென்ற குறிப்பைக் காண்பது அரிது.

மறுபதிவு செய்வோர் செய்யத்தக்கது எளிது. முதலில் பழைய பதிவைப் பலமுறை கேட்டு, விரலா குச்சியா, சலங்கை உண்டா இல்லையா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் தாயிரா அறிந்த பக்கீர் ஒருவரை அழைத்து, தோலைச் சூடுகாட்டி இறுக்கிய நிலையிலும் தளர்ந்த நிலையிலும், ஒவ்வோர் அடியையும் மென்மையாகவும் வன்மையாகவும் பலமுறை பதிய வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் செவி உடனே கண்டுகொள்ளும். மனிதக் கை இருமுறை ஒன்றுபோல் அடிப்பதில்லை. பதிவின் உறையில் அவர் பெயரையும் கருவியின் பெயரையும் எழுதி, உரிய ஊதியமும் தர வேண்டும்.

தாயிராவை நேரில் கேட்டு வளர்ந்த செவிகள் குறைந்து வருகின்றன. அவை இருக்கும்போதே கேட்டறிந்து சரிபார்த்துக்கொள்வது நலம். நாளை நம் பிள்ளைகள் சலங்கை ஒலியைக் கேட்டு அதுவே தப்ஸ் என்று நம்பினால், திருத்திச் சொல்ல அந்தப் பெரியவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.