மூன்று சாட்சிகள், ஒரு பிரபஞ்சம்

2025 மார்ச்சில் டெசி குழு தன் இரண்டாம் கட்ட முடிவுகளை வெளியிட்டதும், இருண்ட ஆற்றல் பலவீனமாகிறது, பிரபஞ்சவியலின் தர மாதிரி கவிழ்ந்தது என்கிற தொனியில் செய்திகள் பறந்தன. ஆய்வுக்கட்டுரையை எடுத்து வாசித்தால் விஷயம் வேறு. இன்னும் சுவாரசியமானது என்பேன்.

அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயல் தொலைநோக்கியில் 5000 ஒளியிழைகளை ரோபோக்கள் நகர்த்துகின்றன. மூன்று வருடத் தரவில் 1.4 கோடிக்கும் அதிகமான விண்மீன் மண்டலங்களும் குவேசார்களும் வரைபடத்தில் ஏறிவிட்டன. ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலியலைகள் உறைந்து விட்டுச்சென்ற, சுமார் 49 கோடி ஒளியாண்டு நீளம்தான் இங்கே அளவுகோல். வெவ்வேறு காலகட்டங்களில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தால், பிரபஞ்சம் விரிந்த வரலாறு கிடைத்துவிடும்.

டெசி தரவை மட்டும் வைத்துப் பார்த்தால் தர மாதிரிக்கு ஒரு பழுதும் இல்லை. சாட்சிகளை ஒன்றாக நிறுத்தும்போதுதான் சிக்கல். பிரபஞ்சத்தில் பொருளின் பங்கு எவ்வளவு என்று அந்த மாதிரிக்குள் நின்றே கேட்டால், டெசி சுமார் 30 சதவீதம் என்கிறது. நுண்ணலைப் பின்னணி 32-ஐ ஒட்டிச் சொல்கிறது. சூப்பர்நோவாக்கள் 33 முதல் 36 வரை. இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறலாம் என்று விட்டுக்கொடுத்தால் மூவரும் சமாதானமாகிறார்கள். அவ்வளவுதான் சங்கதி.

எவ்வளவு உறுதி? டெசியும் நுண்ணலைப் பின்னணியும் மட்டும் என்றால் 3.1 சிக்மா. சூப்பர்நோவாவையும் சேர்த்தால், எந்தத் தொகுப்பு என்பதைப் பொறுத்து 2.8, 3.8, 4.2. நான் வாசித்த செய்திகள் பலவும் கடைசி எண்ணைத்தான் பிடித்துக்கொண்டன. மென்பொருள்காரனான எனக்கு இது உறுத்துகிறது. நிரல் அதேதான், தரவை மாற்றினால் முடிவு மாறுதுன்னா முதலில் தரவைத்தானே நோண்டுவோம்? ஜார்ஜ் எஃப்ஸ்தாத்தியூ 2024-லேயே அதைச் செய்தார். 2025 மார்ச் முடிவுகளில் 4.2 தந்த அதே தொகுப்பில், அருகிலிருக்கும் சூப்பர்நோவாக்களுக்கும் தொலைவில் இருப்பவற்றுக்கும் இடையே சுமார் 0.04 ஒளிப்பொலிவு அளவு இடறுகிறது என்றார். தொகுத்தவர்கள் அதற்குப் பதிலும் சொன்னார்கள்.

அதற்காக எல்லாம் தரவுப் பிசகு என்று கைகழுவவும் முடியாது. சூப்பர்நோவா இல்லாமலே 3.1 நிற்கிறதே! ஆனால் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் வழக்கமாகக் கேட்பது 5.

ஆகவே மாதிரி விழுந்ததா என்பதைவிட, மூவரில் யார் மாற்றிப் பேசுகிறார், ஏன் என்பதே இப்போதைக்குச் சரியான கேள்வி. முடிவு தெரிந்தால் கை தானாக வளையும் என்று, டெசி குழு உண்மை எண்களைத் தன் கண்ணிலிருந்தே மறைத்துவைத்துத்தான் பகுப்பாய்வை இறுதி செய்தது. அந்த நிதானத்தை வாசகர்களாகிய நாமும் கொஞ்சம் கடன் வாங்கலாம்.