சோழன்மாளிகை எல்லாம் இறங்கு!

'பொன்னியின் செல்வன்' வாசகர்களில் இரண்டு ரகம் உண்டு. படித்து முடித்துவிட்டு அலமாரியில் வைப்பவர்கள் ஒன்று. படித்து முடித்த கையோடு கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இன்னொன்று. 1950இல் 'கல்கி' இதழில் ஆரம்பித்து 1954இல் முடிந்த தொடர்கதை அது. 2022, 2023இல் சினிமாவாக வந்த பிறகு இரண்டாவது ரகம் பெருகிவிட்டது.

அது நல்ல நாவலா, வெறும் ஜனரஞ்சகமா என்ற சண்டை எழுபது வருஷமாக நடக்கிறது. அதற்குள் நான் நுழையப்போவதில்லை. இத்தனை பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்றால், அதை ஒரு டூரிஸ்ட் கைடாக நினைத்து விமர்சனம் செய்து பார்ப்பதில் தப்பில்லையே? இந்த வாரம் அதுதான்.

முதலில் வேன் டூர். காலையில் தஞ்சைப் பெரிய கோயில், மத்தியானம் தாராசுரம், சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். வேன் கண்ணாடியில் 'பொன்னியின் செல்வன் சுற்றுலா' என்று ஸ்டிக்கர். மூன்றுமே அற்புதமான கோயில்கள். யுனெஸ்கோ 1987இல் பெரிய கோயிலையும், 2004இல் மற்ற இரண்டையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதெல்லாம் சரி. ஆனால் கதை நடப்பது சுந்தர சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில். பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010இல். கங்கைகொண்ட சோழபுரம் அதற்கும் பிறகு, ராஜேந்திரன் காலம். தாராசுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆக, வேன் நிற்கிற மூன்று இடத்தில் ஒன்றைக்கூடக் கதை நடக்கிற நாட்களில் வந்தியத்தேவன் பார்த்திருக்க முடியாது. அந்த நாட்களில் குந்தவைக்கும் வானதிக்கும் அவை தெரியாது. கதை நடக்கும்போது அங்கெல்லாம் காலி மனை!

சரி, கதையில் வருகிற இடங்களுக்கே போவோம் என்று கிளம்புங்கள். வேன் வேண்டாம், டவுன் பஸ்ஸும் இரண்டு காலும் போதும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சோழநாட்டை இவ்வளவு மலிவாகச் சுற்ற இதைவிட நல்ல காலம் வராது. வந்தியத்தேவன் வடக்கேயிருந்து தெற்கே வந்தான். நாம் தெற்கேயிருந்து வடக்கே போவோம்.

தஞ்சாவூர். நாவலின் பாதி ரகசியம் இந்தக் கோட்டைக்குள்தான் நடக்கிறது. சுரங்கப்பாதை, நிலவறை, பொக்கிஷம். இன்று நீங்கள் பார்க்கிற கோட்டைச் சுவர் நாயக்கர் காலத்தது. அரண்மனை நாயக்கர் கட்டி, மராட்டியர் சேர்த்தது. சோழன் அரண்மனையின் ஒரு தூண்கூடக் கண்ணில் படாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்துவந்து தஞ்சையைக் கொளுத்தினான் என்று அவன் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது.

அடுத்து கும்பகோணம் போய், பட்டீஸ்வரம் பக்கம் பஸ் பிடியுங்கள். குந்தவை இருந்த பழையாறை அந்த வட்டாரம்தான். அங்கே சோழன்மாளிகை என்றே ஒரு ஊர் உண்டு. "சோழன்மாளிகை எல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால், ஒரு மாமி பால் கேனோடு இறங்குவார். நீங்களும் இறங்கிச் சுற்றிப் பாருங்கள். ஓட்டு வீடு, மாடி வீடு, வாழை, வயல், வாய்க்கால். மாளிகையைத் தவிர எல்லாம் இருக்கும். ஆரியப்படையூர், மணப்படையூர் என்று பக்கத்து ஊர்ப் பெயர்களில் மட்டும் படை இன்னும் முகாம் போட்டிருக்கிறது. சோமநாதர் கோயில் நிற்கிறது. ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை, பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அரண்மனை மட்டும் பஸ் ஸ்டாப் ஆகிவிட்டது.

காரணம் ரொம்ப எளிமையானது. சோழர்கள் சாமிக்குக் கல்லில் வீடு கட்டினார்கள், தங்களுக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். மரம் எரியும். செங்கல்லை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். சினிமாக்காரர்கள் அரண்மனைக் காட்சிகளுக்காக மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா வரைக்கும் போனதில் ஆச்சரியமில்லை.

இங்கே கல்கி மீது என் முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாத அரண்மனையை அவர் அத்தனை உயிரோடு எழுதிவிட்டார். நாமும் அதைத் தேடிக்கொண்டு போய், ஏமாந்து, "நம்ம ஆளுங்களுக்கு எதையும் காப்பாத்தத் தெரியல சார்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

அந்தப் பெருமூச்சு சரியா என்று பார்க்கத்தான் அடுத்த பஸ். கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி அணைக்கரையில் இறங்குங்கள். கொள்ளிடத்தின் மேல் பழைய பாலம். புதுச் சாலை, புதுப் பாலம் எது வந்தாலும், இந்தப் பழைய பாலத்தை மட்டும் தயவுசெய்து நடந்து கடங்கள். அதன் கீழே இருப்பதுதான் கீழணை. ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர் 1836இல் கட்டியது.

அணை கட்டக் கல் வேண்டும். டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். பக்கத்தில் எங்கே கல் இருக்கிறது என்று தேடியவர்கள் கண்ணில், சில மைல் தூரத்தில், பாழடைந்து கிடந்த கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பட்டது. சுற்றுமதிலை ஏறக்குறைய முழுசாகப் பிரித்தார்கள். மற்றக் கருங்கல் வேலைப்பாடுகளிலும் நிறையக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித்தருகிறோம் என்று ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். அதுவும் நிறைவேறவில்லை என்று 1855ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்று வருத்தத்தோடு சொல்வதை, நீலகண்ட சாஸ்திரி தன் சோழர் வரலாற்றில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அதாவது, கங்கைகொண்ட சோழபுரம் போகிற வழியில், அந்தக் கோயிலின் மதில்மேல்தான் நீங்கள் ஆற்றைக் கடக்கிறீர்கள்! எந்தக் கல் கோயில் கல் என்று இன்று கைகாட்ட முடியாது. வேனில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அவருக்கு அணைக்கரை என்பது மீன் வாங்குகிற இடம்.

இந்தக் கதையைப் பஸ்ஸில் பக்கத்து ஸீட் பெரியவரிடம் ஆற்றாமையோடு சொன்னேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "மதில இடிச்சு அணை கட்டுனான்னு வருத்தப்படுறியே தம்பி, அந்தத் தண்ணியிலதான் நாலு தலைமுறையா நாங்க சாப்புடுறோம். வருத்தப்படுறதா, கும்புடுறதா, நீயே சொல்லு" என்றார்.

நான் பி.காம். படித்தவன். இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். பாரம்பரியம் பற்றி நாம் எழுதுகிற கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கிறது. 'இழந்தோம், இழந்தோம், இழந்தோம்.' இழந்தது எங்கே வரவாயிற்று என்று யாரும் தேடுவதில்லை. கீழணையிலிருந்து வடக்கு ராஜன், தெற்கு ராஜன் என்று வாய்க்கால்கள் பிரிகின்றன. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், சீர்காழிப் பக்கத்து வயல்களுக்கு அதுதான் உயிர். கோயில் மதில் அங்கே நெல்லாக வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

உடனே காட்டனுக்குக் கற்பூரம் காட்டவும் வேண்டாம். ஆற்று மணலில் அடித்தளம் போட்டு அணை கட்டுவது எப்படி என்பதைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வித்தையும் இந்த மண்ணுடையது, கல்லும் இந்த மண்ணுடையது. பில் மட்டும் கம்பெனி பெயரில்! அந்தச் செங்கல் சுவரைப் பொறுத்தவரை கணக்குப் பாஷையில் சொன்னால், அது கம்பெனிக் கணக்கில் தீராத கடன். அதையும் புத்தகத்தில் காட்டத்தான் வேண்டும்.

பெருவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் மச்சு பிச்சு பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். சுற்றுலா ரயிலுக்குக் காசு கட்டுப்படியாகாமல், குஸ்கோவிலிருந்து வேன் பிடித்து ஒரு நீர்மின் நிலையம் வரை போய், அங்கிருந்து தண்டவாளத்து ஓரமாகவே பத்துக் கிலோமீட்டர் நடந்த கதை. "இன்கா ராஜாக்கள் கட்டினது அப்படியே நிக்குதுய்யா! நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்பார். மச்சு பிச்சு நிற்பதற்கு ஒரு முக்கியமான காரணம், ஸ்பானியர்கள் கண்ணில் அது படவேயில்லை. 1911இல் ஹைரம் பிங்காம் மலையேறிப் போனபோது, அங்கே சில விவசாயக் குடும்பங்கள் பழைய படிக்கட்டு வயல்களில் பயிர் வைத்திருந்தார்கள். ஆனால் இன்காக்களின் தலைநகரமான குஸ்கோவுக்கு மேலே, சக்சைவாமன் என்ற பிரம்மாண்டமான கோட்டை என்ன ஆயிற்று? ஸ்பானியர்கள் அதன் கல்லைப் பெயர்த்துக் கீழே நகரத்தில் மாதா கோயிலும் வீடுகளும் கட்டிக்கொண்டார்கள். மனுஷன் மறந்த இடம் முழுசாக நிற்கிறது. மனுஷன் வாழ்கிற இடத்தில் பழசு கரைந்து புதுசாகிறது. சோழநாட்டை யாரும் மறக்கவில்லை. ஆயிரம் வருஷமாக ஒரு போகம் தவறினாலும் மறு போகம் என்று உழுதுகொண்டே இருக்கிறார்கள். இங்கே மச்சு பிச்சுவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பாலம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம். கோயிலை நிதானமாகப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெளியே வந்ததும் வேன்கள் திரும்பும். நீங்கள் திரும்பாமல் தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடங்கள். மாளிகைமேடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980இல் தொடங்கித் தோண்டிய இடம். 2021இல் மறுபடி தோண்ட ஆரம்பித்தது. செங்கல் அடித்தளங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், மரத்தூணைத் தாங்கிய கருங்கல் பீடங்கள். சுமார் 250 வருஷம் ஒரு சாம்ராஜ்யத்தை ஆண்ட வீட்டில் மிச்சம் இவ்வளவுதான். ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செங்கல் பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். மத்தியான வெயிலில் அந்தக் குழிகளின் விளிம்பில் நின்றால், பெரிய கோயில் தராத ஒன்று புரியும். ராஜாவும் வாடகைக்கு இருந்தவர்தான்.

மேற்கே இன்னொன்று இருக்கிறது. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி; ஜனங்கள் வாயில் பொன்னேரி. தண்ணீரிலேயே எழுப்பிய வெற்றித்தூண் என்கிற மாதிரி திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. ஜெயித்த ராஜா கல்தூண் நடாமல் ஏரி வெட்டினார், பாருங்கள்! ஏரி பல காலம் தூர்ந்து கிடந்தது. அதைச் சீரமைக்கப்போவதாக 2025இல் அரசு அறிவித்திருக்கிறது. நடந்தால், சிலை வைப்பதைவிட அதுதான் ராஜேந்திரனுக்குச் சரியான மரியாதை. நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியது நம் வேலை.

கடைசி பஸ் காட்டுமன்னார்கோயிலுக்கு. வீராணம் ஏரி. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய வீரநாராயண ஏரி. 'பொன்னியின் செல்வன்' ஆரம்பிப்பது இந்தக் கரையில்தான், ஓர் ஆடிப்பெருக்கு நாளில். கதாநாயகன் குதிரைமேல் வருகிறான். வந்ததும் என்ன செய்கிறான்? காதலிக்கவில்லை, கத்தி வீசவில்லை. தண்ணீர் போகிற கணவாய்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறான். எழுபத்து நாலு! ஒரு சாகசக் கதையின் முதல் அத்தியாயத்தில் மதகு எண்ணுகிற ஹீரோவை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இங்கேதான் கல்கிக்கு நான் முழு மார்க் போடுகிறேன். அதே சமயம் என் இரண்டாவது குறையும் இங்கேதான். அவருக்கு எது முக்கியம் என்று தெரிந்திருந்தது. முதல் அத்தியாயத்திலேயே தண்ணீரைக் காட்டிவிட்டார். பிறகு அரண்மனைச் சதியில் நம்மை இழுத்துக்கொண்டு ஓடியதில், ஐந்து பாகம் முடியும்போது நமக்கு நிலவறை ஞாபகம் இருக்கிறது, மதகு மறந்துபோகிறது. டூரிஸ்ட் கைடாகப் பார்த்தால் அந்த ஒரு அத்தியாயம் அபாரம். மீதி நம்மை இல்லாத வாசல்களில் நிறுத்துகிறது.

கதையில் வருகிற தஞ்சைக் கோட்டை போயிற்று, பழையாறை மாளிகை போயிற்று. ஆயிரம் வருஷம் கழித்தும் டியூட்டியில் இருப்பது இந்த ஏரி. கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக இதற்கு வருகிறது. 2004 முதல் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. கோடம்பாக்கத்திலோ அடையாறிலோ உட்கார்ந்து, "சோழர்கள் விட்டுப்போனதை எல்லாம் கோட்டை விட்டுட்டோம்" என்று விவாதிக்கிற நண்பர்கள், பேசித் தொண்டை வறண்டதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள். அது வீராணத்துத் தண்ணீராக இருந்தால், பராந்தகன் வெட்டிய ஏரியும் ராஜேந்திரன் கோயில் மதிலும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

போய்வாருங்கள். குடையும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதீர்கள். மாளிகைமேட்டில் நிழல் கிடையாது.