பெயரின் உருவும் பைட்டுகளின் உருவும்

கணினிக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துகளிலேயே பெயரிட வேண்டும் என்பது நம் நிரலாளரிடையே ஏறத்தாழ ஓர் ஆசாரமாகவே வேரூன்றிவிட்டது. எந்த இயந்திரத்திலும் பெயர் சிதையாது என்னும் அனுகூலம் அதற்கு உண்டு. ஆயினும் தாமிரபரணியின் முதலெழுத்தை ஒருவர் 'டி' என்று மட்டும் இட, இன்னொருவர் அதனோடு 'எச்' சேர்த்து எழுத, ஒரே ஆற்றின் படங்கள் பட்டியலில் இரு மூலைகளில் சிதறிக் கிடப்பதைக் கண்டவர்க்கு அந்த அனுகூலம் பூரணமானதாகத் தோன்றாது.

தமிழிலேயே பெயரிட்டால் வேறொரு சிக்கல் எழுகிறது. 'பொருநை' என்னும் சொல்லில் 'பொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு, கால் எனப் பிரித்து இரண்டாகவும் வைக்கலாம். முன்னதில் அச்சொல் 6 குறியீடுகள், யூ.டி.எஃப்-8 முறையில் 18 பைட்டுகள். பின்னதில் 7 குறியீடுகள், 21 பைட்டுகள். கண்ணுக்கு எவ்விதப் பேதமும் தெரிவதில்லை. லினக்ஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், ஒரே கோப்புறையில் இரண்டு 'பொருநை'கள் சௌக்கியமாக வாழும். எதை அழிக்கிறோம் என்பது அழிப்பவர்க்கே விளங்காது. 1998-இல் வந்த மாக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் அமைப்போ, பயனர் எப்படி இட்டாலும் பிரித்த உருவிலேயே எழுதிவைத்தது. அதனால் லினக்ஸில் சேர்த்த கோப்பு மாக்கில் காணாமற்போனதாகவும், அதே பெயரில் புதிதொன்று முளைத்ததாகவும் கிட் என்னும் பதிப்பு மேலாண்மை மென்பொருள் மருண்டது. இதற்கென்றே 2012-இல் அம்மென்பொருளில் ஒரு தனி அமைப்புவிசை சேர்க்க நேர்ந்தது. லினக்ஸின் போக்கு அலட்சியம், எச்.எஃப்.எஸ். பிளஸின் போக்கு அதிகப்பிரசங்கித்தனம் என்பேன்.

பெயரை இட்டபடியே காத்து, ஒப்பிடும் தருணத்தில் மட்டும் இரு உருவங்களையும் ஒன்றெனக் கொள்ளும் முறையே உத்தமமானது. 2017 முதல் மாக் கணினிகளில் வழங்கும் ஏ.பி.எஃப்.எஸ். அவ்வாறுதான் நடக்கிறது. எனினும் ஸ்ரீவைகுண்டம் என்னும் ஊர்ப்பெயருக்கு வந்தவுடன் அம்முறையும் தடுமாறுகிறது. 'ஸ்ரீ'யை ஸகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். 2005-இல் யூனிகோடில் இடம்பெற்ற ஶகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமே. யூனிகோடு தரத்தின் பார்வையிலோ அவை வெவ்வேறு எழுத்துகளாதலால், மாற்று உருவங்களை ஒன்றாக்கும் எந்த இயல்பாக்கமும் அவற்றை இணைப்பதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பு ஒரு பெயருக்கு அளிக்கும் 255 பைட்டுகள் தமிழில் 85 குறியீடுகளோடு தீர்ந்துவிடுவதும் ஒரு குறையே. நீண்ட அரசாணைத் தலைப்பை அப்படியே பெயராக்குவோர்க்கன்றி அது உறைப்பதில்லை.

இக்குறைகளுக்காக ஆங்கிலப் பெயர்களுக்கே மீள்வது நியாயமாகாது. 'ஸ்ரீ'யின் இரு வடிவங்களையும் ஒன்றாகக் காண்பதற்கு, கோப்பமைப்புக்கு மேலே, தேடும் நிரலில் ஒரு சிறு சமான அட்டவணை போதும்; அதை எழுதுவது ஒரு பிற்பகல் வேலை, ஆனால் அது தேவையென்று ஏ.பி.எஃப்.எஸ். நினைவூட்டாது.