தனியா ஸ்கூலுக்குப் போவானா?

குழந்தைகளின் அறிவுத்திறன் குறைபாட்டுச் சான்றிதழ் பற்றிப் படிக்கும்போது ஒரு அட்டவணையில் வந்து நின்றுவிட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-க்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை. அந்த 2018 நெறிமுறையில், வைன்லண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வந்தால் 50 சதவீதக் குறைபாடு என்று இருந்தது. 70 முதல் 84 வந்தால் 25 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேணும். ஆக, அதில் 69-க்கும் 70-க்கும் நடுவுலதான் எல்லாமே இருந்துச்சு.

இந்த அளவுகோல் 1935-ல் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் வைன்லண்ட் ஊரில், எட்கர் டால் உருவாக்கியது. இந்தியாவுக்கு ஏற்ப மாற்றியவர் நாக்பூரில் இருந்த மாலின். குழந்தைக்குப் பரீட்சை கிடையாது; அம்மா அப்பாவிடம் கேட்டுக் குறிப்பார்கள். கிடைக்கும் 'சமூக வயதை' உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கணும். யோசனை நல்ல யோசனைதான். புதிரை எப்படி விடுவிக்கிறான் என்பதை மட்டும் பார்க்காமல், தானே சாப்பிடுகிறானா, சட்டை போடுகிறானா என்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

இடிப்பது கேள்விகளில். அக்கம்பக்கத்தில் துணையில்லாமல் போய் வருகிறானா? பள்ளிக்குத் தனியாகப் போகிறானா? இதெல்லாம் டால் நாலிலிருந்து ஆறு வயதுக்குள் எதிர்பார்த்தவை. சேலையூரில் எந்த வீட்டில் ஆறு வயசுப் பிள்ளையைத் தனியா ஸ்கூலுக்கு அனுப்புறாங்க? வேன் வாசலுக்கே வருது. வேளச்சேரி ரோட்டைத் தாண்ட நானே ரெண்டு தடவை யோசிக்கிறேன். இந்தக் கேள்வி இங்கே அளப்பது பிள்ளையை அல்ல, டிராஃபிக்கை.

டால் இதை யோசிக்காமல் இல்லை. 'வாய்ப்பு கிடைக்கவில்லை' என்று தனியாகக் குறிக்க வழி வைத்திருக்கிறார். ஆனால் அப்படிக் குறிப்பது கேட்பவரின் பொறுமையைப் பொறுத்தது. கணக்கு போட்டுப் பாருங்கள்: 72 மாதக் குழந்தைக்குச் சமூக வயது 50 மாதம் என்றால் 69, 51 என்றால் கிட்டத்தட்ட 71. ஒரே ஒரு மாதம், சான்றிதழ் போச்சு. தசம எண்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதே என்று எங்க துறையில் புதுசா வர்ற பசங்களுக்கே சொல்லிக் கொடுப்போம். ஐக்யூ 70 என்பதைக் கறாரான கோடாக வைக்கக் கூடாது, அளவீட்டுப் பிழையையும் பார்க்கணும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2014-ல் ஒரு மரண தண்டனை வழக்கில் சொல்லிவிட்டது.

இன்னொன்று, எண் காரணத்தைச் சொல்லாது. பிறவித் தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், யாரும் கவனிக்காத காது கேளாமை, மூன்றுக்கும் ஒரே 65 வரலாம். முதலாவதற்குப் பிறந்த முதல் சில வாரங்களிலேயே மாத்திரை தொடங்கினால் மூளை பாதிப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மூன்றாவதற்கு முதலில் வேண்டியது காதுப் பரிசோதனை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் பிடித்தால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. காது, பேச்சு, உளவியல் எல்லாம் ஒரே வளாகத்தில். அப்படித்தான் இருக்கணும்.

ரிப்போர்ட்டில் மொத்த மதிப்பெண்ணோடு, எத்தனை கேள்விகளுக்கு 'வாய்ப்பில்லை' என்று குறித்தார்கள் என்பதையும் அச்சிடலாம். கூடுதலாக ஒரு வரிதான்.